காவலருக்குச் சங்கம் வந்தால், அவர்களைக் கேள்வி கேட்பது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு ஏட்டின் மகள். வளர்ந்தது வடசென்னையில், கொண்டித்தோப்பு போலீஸ் குவார்ட்டர்ஸில். இப்போது, காவல் நிலையத்தில் அடிபட்டு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்து ஆட்களும் என்னிடம் பேசுவார்கள். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள், "எங்களுக்குன்னு பேச ஒரு சங்கம் இல்லையேம்மா" என்பார்கள். மனு எழுத வருகிறவர்கள், "சங்கம் வேற வெச்சுட்டா இவங்களை யாரு கேக்குறது?" என்பார்கள். இரண்டுமே நியாயமான பேச்சு. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தமிழ்நாட்டில் காவலர்களுக்குச் சங்கம் இருக்கிறதா?

பணியில் இருக்கும் காவலர், ஏட்டு, எஸ்.ஐ. ஆகியோருக்காக அரசோடு உட்கார்ந்து பேசும் அங்கீகரிக்கப்பட்ட சங்கம் இல்லை. ஓய்வு பெற்றவர்களுக்கு நலச் சங்கங்கள் உண்டு. ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கும் சங்கம் உண்டு. தங்களில் ஒருவருக்குப் பிரச்சினை என்றால் அது அறிக்கையும் விடும். காரில் போகிற அதிகாரிக்குச் சங்கம் இருக்கிறது, அந்தக் காருக்குக் கதவு திறந்துவிடுகிறவருக்கு இல்லை என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உறுத்தும் விஷயம்.

சட்டமே தடை செய்திருக்கிறதே?

முழுத் தடை இல்லை. அரசியல் சாசனத்தின் 33-வது பிரிவு, ராணுவம், காவல்துறை போன்ற படைகளில் இருப்பவர்களின் அடிப்படை உரிமைகளைக் குறைக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கிறது. அதன்படி வந்ததுதான் 1966-ஆம் ஆண்டின் காவல் படைகள் (உரிமைக் கட்டுப்பாடு) சட்டம். மத்திய அரசின் அல்லது அதற்கென வகுக்கப்பட்ட அதிகாரியின் அனுமதி இல்லாமல் எந்தக் காவலரும் தொழிற்சங்கத்திலோ அரசியல் அமைப்பிலோ சேரக் கூடாது என்கிறது அது. பத்திரிகைக்குப் பேசவும் தடை. மீறினால் இரண்டு வருடம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். டெல்லி காவலர் சங்கம் இந்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 1986-ல் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

"அனுமதி இல்லாமல்" என்ற இரண்டு சொல்லைக் கவனியுங்கள். அனுமதி கொடுத்தால் சங்கம் வைக்கலாம். கேரளத்தில் வைத்திருக்கிறார்கள். ஆக, இங்கே சட்டம் அடைத்த கதவு என்று எதுவும் இல்லை. அரசு திறக்க விரும்பாத கதவுதான் இருக்கிறது.

அரசுக்கு ஏன் இத்தனை பயம்?

பழைய அனுபவம். 1973 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் ஆயுதக் காவல் படை கலகம் செய்தது. ராணுவத்தை இறக்கி அடக்கினார்கள், முதலமைச்சர் பதவி விலகினார். 1979-ல் பஞ்சாபில் தொடங்கிய காவலர் கிளர்ச்சி பல மாநிலங்களுக்குப் பரவி, மத்திய படைகளையும் தொட்டது. 1982 ஆகஸ்ட் 18 அன்று பம்பாயில் காவலர் சங்கத் தலைவர்களைக் கைது செய்ததும் காவலர்களே தெருவில் இறங்கினார்கள். ஊரில் கலவரம், மறுபடி ராணுவம். அந்தச் சங்கத்தின் அங்கீகாரம் போனது.

துப்பாக்கி வைத்திருப்பவர் கோஷம் போட்டால் எந்த அரசுக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று இடத்திலும் கிளர்ச்சிக்கு முன்னால் வருடக்கணக்காகச் சம்பளம், வேலை நேரம், அதிகாரிகளின் நடத்தை பற்றிய குறைகள் தேங்கிக் கிடந்தன. அவற்றைச் சொல்ல ஒழுங்கான வழி இல்லாததால்தான் வெடித்தது என்பது என் எண்ணம்.

காவலருக்கு அப்படி என்ன குறை? அரசு வேலை, குவார்ட்டர்ஸ், பென்ஷன் எல்லாம் இருக்கிறதே?

குடியரசு தின அணிவகுப்பு பந்தோபஸ்து முடிந்து அப்பா வீட்டுக்கு வரும்போது எனக்கு எட்டு வயது இருக்கும். விடியற்காலை மூன்று மணிக்குக் காமராஜர் சாலையில் ரோல்கால். வீடு திரும்பும்போது சாயங்காலம். வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்ற முயல்வார், குனிய வராது. அம்மாதான் லேஸை அவிழ்த்து இழுப்பாள். சாக்ஸை உருவினால் கெண்டைக்காலில் அதன் விளிம்பு கயிறு கட்டிய மாதிரிப் பதிந்திருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து, திரும்பி வர நேரம் ஆகும். வெந்நீரில் கல் உப்புப் போட்டு வாளியைக் கொண்டு வந்து வைப்பாள். "ஏங்க, நாளைக்காவது லீவு கேளுங்களேன்" என்பாள். அப்பா பதிலே சொல்ல மாட்டார். கேட்டால் கிடைக்காது, கிடைக்காததைக் கேட்டவன் என்று பெயர் மட்டும் மிஞ்சும்.

என் தாத்தா இறந்த அன்று அப்பாவுக்கு ஒரு அரசியல் கூட்ட பந்தோபஸ்து. எந்த நிலையம், எந்த அதிகாரி என்று எழுத மாட்டேன். காடு வரைக்கும் போய் வர நான்கு மணி நேரம் பர்மிஷன் கொடுத்தார்கள். காக்கிச் சட்டை மேலேயே துண்டைக் கட்டிக்கொண்டு கொள்ளி வைத்தார்.

பிறகு சில மாற்றங்கள் வந்தன. 2021-ல் காவலர் முதல் ஏட்டு வரை வார விடுப்பு தர வேண்டும் என்று அரசாணை வந்தது. அதே ஆண்டு, முக்கியப் பிரமுகர் போகும் வழியில் பெண் காவலர்களைச் சாலையோரம் நிறுத்த வேண்டாம் என்றும் உத்தரவு வந்தது. கழிப்பறை இல்லாத சாலையில் ஆறு மணி நேரம் நின்ற பெண்களைக் கேட்டால் அந்த உத்தரவின் அருமை தெரியும். ஆனால் வார விடுப்பு பல நிலையங்களில் "ஆள் வந்தா எடுத்துக்கோ" என்ற நிலைமையில்தான் ஓடுகிறது என்று காவலர் வீடுகளில் சொல்கிறார்கள். மேலே இருந்து இறங்கிய சலுகையை மேலே இருப்பவரே நிறுத்தியும் வைக்கலாம். கீழே இருப்பவர் எழுந்து "ஆணை இருக்கிறதே ஐயா" என்று சொல்ல ஆள் இல்லை.

ஆர்டர்லி விஷயமும் இப்படித்தான். அதிகாரி வீட்டில் துணி துவைக்கவும் நாயைக் கூட்டிப்போகவும் சீருடைக்காரரை வைப்பதை 1979-லேயே அரசாணை போட்டு ஒழித்தார்கள். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, நான்கு மாதத்தில் முழுவதும் ஒழியுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் 43 வருடம். ஒரு சங்கம் இருந்திருந்தால் இது 43 வருடம் ஓடியிருக்குமா?

அமெரிக்காவில் சங்கம் இருந்ததால்தானே ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலை நடந்தது?

கொலைக்குச் சங்கம் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஒரு காவலர் 19 வருடம் வேலையில் நீடித்ததில் சங்கத்துக்குப் பங்கு இருக்கிறது. 2020 மே 25 அன்று மினியாபோலிஸ் நகரில் ஃபிளாய்டின் கழுத்தை முழங்காலால் அழுத்திக் கொன்ற டெரெக் ஷாவின் என்ற காவலர் மீது அதற்கு முன்பே குறைந்தது 17 புகார்கள் இருந்தன. பெரும்பாலானவை நடவடிக்கை இல்லாமல் மூடப்பட்டவை. சம்பவத்தின் மறுநாள் அவரை வேலையை விட்டு எடுத்தார்கள். 2021-ல் இருபத்திரண்டரை வருடச் சிறை. ஃபிளாய்டின் குடும்பத்துக்கு நகராட்சி 2.7 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. அது வரி கட்டும் மக்களின் பணம். சங்கத்தின் பணமோ காவலரின் பணமோ இல்லை.

அந்த நாட்டில் இது எப்படி வளர்ந்தது என்று தெரிந்துகொள்வது நமக்கு முக்கியம். 1919-ல் பாஸ்டன் நகரக் காவலர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அங்கே போலீஸ் சங்கம் என்றாலே கெட்ட வார்த்தை. 1959-ல் விஸ்கான்சின் மாநிலம் அரசு ஊழியருக்குக் கூட்டுப் பேச்சுவார்த்தை உரிமையைச் சட்டமாக்கியது, மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன, காவலர் சங்கங்கள் பலம் பெற்றன.

பேச்சுவார்த்தை மேசையில் நடந்தது இதுதான். சங்கம் சம்பள உயர்வு கேட்கும். மேயரிடம் பணம் இருக்காது. "சரி, சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறோம், அதற்குப் பதில் விசாரணை விதியை இப்படி மாற்றுங்கள்" என்று சங்கம் சொல்லும். விதியை மாற்ற மேயருக்கு இன்றைக்கு ஒரு காசு செலவில்லை. கையெழுத்துப் போட்டுவிடுவார். இப்படி ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒவ்வொரு வரி சேர்ந்தது. சுட்ட காவலரை உடனே விசாரிக்கக் கூடாது, இத்தனை மணி நேரம் கழித்துத்தான் விசாரிக்கலாம். விசாரிக்கும் முன் புகாரையும் சாட்சியத்தையும் அவருக்குக் காட்ட வேண்டும். பெயர் போடாத புகாரை எடுக்கக் கூடாது. சில வருடம் ஆனால் பழைய தண்டனைப் பதிவை அழித்துவிட வேண்டும். வேலையை விட்டு எடுத்தால் வெளி நடுவர் ஒருவரிடம் மேல்முறையீடு செய்யலாம், அவர் சொல்வதே முடிவு.

அடிபட்டவர் அந்த மேசையில் இல்லை. அவர் சார்பில் யாருமே இல்லை. பணத்துக்குப் பதிலாக விற்கப்பட்டது அவருடைய நியாயம்.

இது வெறும் குற்றச்சாட்டா, ஆதாரம் உண்டா?

உண்டு. ஸ்டீஃபன் ரஷின் என்ற சட்டப் பேராசிரியர் 2017-ல் 178 போலீஸ் ஒப்பந்தங்களைப் படித்துப் பார்த்தார். 156-ல் நடவடிக்கையைத் தடுக்கக்கூடிய ஷரத்து குறைந்தது ஒன்றாவது இருந்தது. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை அதே ஆண்டில் பெரிய காவல் துறைகளின் கணக்கை எடுத்தது: 2006-க்குப் பிறகு வேலையை விட்டு நீக்கப்பட்ட 1,881 பேரில் 451 பேர் மேல்முறையீட்டில் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். கிட்டத்தட்ட நான்கில் ஒருவர்.

எனக்கு அதிகம் உறைத்தது ஃபுளோரிடா ஆய்வு. 2003-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஷெரீஃப் அலுவலக (மாவட்ட அளவிலான காவல் துறை) காவலர்களுக்குக் கூட்டுப் பேச்சுவார்த்தை உரிமை கிடைத்தது. நகரக் காவலர்களுக்கு அது முன்பே இருந்தது. இரண்டு தரப்பையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், புதிதாக உரிமை பெற்ற இடங்களில் வன்முறை சார்ந்த முறைகேடுகள் ஏறத்தாழ 40 சதவீதம் கூடின என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். சங்கம் வேண்டும் என்று சொல்கிற நான் இதை மறைத்துவிட்டுப் பேச முடியாது.

ஃபிளாய்டுக்குப் பிறகு சில மாற்றங்கள் நடந்தன. நியூயார்க் மாநிலம் 2020 ஜூனில் காவலரின் தண்டனைப் பதிவுகளை ரகசியமாக வைத்த சட்டத்தை நீக்கியது. மேரிலாந்து மாநிலம் 1970-களில் போட்ட, விசாரணைக்கு உட்படும் காவலருக்குத் தனிப் பாதுகாப்புக் கொடுக்கும் சட்டத்தை 2021-ல் எடுத்துவிட்டது.

அப்படியென்றால் சங்கமே இல்லாத நம் ஊரில் காவலர் பதில் சொல்கிறார்களா?

இங்கேதான் "சங்கம் வந்தால் போச்சு" என்ற வாதம் எனக்கு இடிக்கிறது.

2020 ஜூன் 19. சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும். ஊரடங்கில் கடை நேரம் பற்றிய தகராறு. இரவு முழுக்க நிலையத்தில் அடி. மூன்று நாள் கழித்து மகன், சில மணி நேரத்தில் தகப்பன், கோவில்பட்டியில் இருவரும் இறந்தார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டையே நிலையத்தில் மரியாதையில்லாமல் பேசினார்கள். சி.சி.டி.வி. இருந்தது, பதிவைச் சேமிக்கும் வட்டில் இடமும் இருந்தது. ஆனால் அன்றாடம் தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள். அன்றிரவு பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் கண்டதைச் சொன்னார். அவர் பயந்து பயந்துதான் பேசினார், கையெழுத்துப் போடவே தயங்கினார் என்று மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். பிறகு நீதிமன்றம் சொல்லித்தான் அவருக்குப் பாதுகாப்பு கிடைத்தது. சி.பி.ஐ. ஒன்பது காவலர் மீது குற்றப்பத்திரிகை போட்டது.

அங்கே சங்கம் இல்லை. ஒப்பந்தம் இல்லை. வெளி நடுவர் இல்லை. ஆனாலும் காப்பாற்றும் பழக்கம் முழுசாக இருந்தது. 2022 ஏப்ரலில் சென்னையிலேயே தலைமைச் செயலகக் காலனி காவல் நிலையத்தில் விசாரணைக்குக் கொண்டுபோன இளைஞர் இறந்தார். 2025 ஜூனில் திருப்புவனம் அருகே கோயில் காவலாளி அஜித்குமார். எதையும் சங்கத்தின் தலையில் போட முடியாது.

அந்தப் பெண் தலைமைக் காவலரைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். உண்மையைச் சொல்லும் காவலருக்குப் பின்னால் நிற்க ஒரு அமைப்பு வேண்டுமா வேண்டாமா? சங்கம் என்றால் அடித்தவனுக்கு வக்கீல் வைப்பது மட்டும்தானா?

மெமோ, சஸ்பெண்ட் எல்லாம் தினமும் நடக்கிறதே, அது பொறுப்பு இல்லையா?

பொறுப்புதான், ஆனால் யாருக்கு? லீவு முடிந்து ஒரு நாள் தாமதமாக வந்தால் மெமோ. ரோல்காலில் தலைமுடி நீளம் என்றால் ஒரு சொல். அதிகாரியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் ஒழுங்கு விதியின் 3(பி) பிரிவில் குற்றச்சாட்டு, சம்பள உயர்வு நிற்கும். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு விதிகள் 1955-லிருந்து இருக்கின்றன, நன்றாகவே வேலை செய்கின்றன. மேலே இருப்பவருக்குப் பதில் சொல்வதில் நம் காவலரைப் போல் யாரும் இல்லை.

வெளியே இருப்பவர் புகார் கொடுத்தால்? "ஆயுதப் படைக்கு மாற்றம்", "காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றம்" என்று செய்தி வரும். மக்கள் கோபம் தணியும். அது தண்டனையே இல்லை. சில மாதத்தில் வேறொரு நிலையத்தில் அதே ஆள். என்னிடம் மனு எழுத வந்த ஒரு அம்மா, தன் மகனை அடித்தவரை ஏழு மாதம் கழித்து வேறொரு வட்டாரத்தில் மார்க்கெட் வாசலில் பணியில் பார்த்துவிட்டு, காய்கறிப் பையோடு நேராக என் வீட்டுக்கு வந்தார். பேசவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடித்தார், போனார்.

போலீஸ் புகார் ஆணையம் என்று ஒன்று உண்டாமே?

பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஏழு உத்தரவு போட்டது. அதில் ஒன்று, மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் சுதந்திரமான புகார் ஆணையம். மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைவர், மாவட்டத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. தமிழ்நாடு 2013-ல் போலீஸ் சீர்திருத்தச் சட்டம் போட்டது. அதில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். எந்தத் துறையைப் பற்றிப் புகாரோ அந்தத் துறையின் தலைவரே தீர்ப்புச் சொல்ல உட்காருகிறார். நான் மனு எழுதிக் கொடுத்தவர்களில் இந்த ஆணையத்தால் நியாயம் கிடைத்தது என்று திரும்பி வந்து சொன்னவர் ஒருவரும் இல்லை.

கேரளத்தில் எப்படி?

அங்கே காவலர் சங்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. தேர்தல் நடக்கிறது, மாநாடு நடக்கிறது. புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைவர். அப்படியிருந்தும் 2018-ல் வராப்புழாவில் காவல் மரணம் நடந்தது. சங்கம் இருந்ததால் சொர்க்கமும் வரவில்லை, சங்கம் இருந்ததால் ஊர் கவிழவும் இல்லை.

சங்கம் என்றால் ஸ்ட்ரைக் செய்வார்களே?

ஸ்ட்ரைக் உரிமை வேண்டாம் என்பதுதான் என் நிலை. பிரிட்டனில் 1918-லும் 1919-லும் காவலர் வேலைநிறுத்தம் நடந்தது. 1919-ல் சட்டம் போட்டுத் தொழிற்சங்கத்தைத் தடை செய்துவிட்டு, அதே சட்டத்தில் போலீஸ் ஃபெடரேஷன் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். ஸ்ட்ரைக் கிடையாது, ஆனால் குரல் உண்டு. நமக்கு அந்த வடிவம் போதும். சாதாரண அரசு ஊழியருக்கே வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று 2003-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கே நம் ஊர் வழக்கு. அந்த ஜூலையில் சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர், ஆசிரியர்களை ஒரே அடியாக வேலையை விட்டு எடுத்தார்களே, அதிலிருந்து வந்தது.

ரவுடிக்கு மாவுக்கட்டு போட்டால் மக்களே கைதட்டுகிறார்களே, பிறகு என்ன பொறுப்பு?

இந்தக் கேள்வி கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. செயின் பறிகொடுத்தவர்கள், பிள்ளையை வெட்டுக்குப் பறிகொடுத்தவர்கள். அவர்கள் வலி எனக்குப் புரிகிறது.

ஒரு நாள் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் வேறொருவருக்காக உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது, இருபது வயதுப் பையனை இரண்டு காவலர் கூட்டி வந்தார்கள். வலது முன்கை வளைந்து தொங்கியது. டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு, "எப்டிப்பா அடிபட்டுச்சு?" என்றார். பையன் டாக்டரைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற காவலரின் பூட்ஸைப் பார்த்தான். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் சார்." டாக்டர் நிமிராமல் எழுதினார். பாதங்களின் மேல்பக்கம் முழுக்கச் செருப்பு வார் தடம்கூடத் தெரியாத அளவுக்கு வீங்கியிருந்ததை யாரும் எழுதவில்லை. மறுநாள் கட்டுப் போட்ட கையோடு போட்டோ வந்தது, கீழே கைதட்டல்.

அவன் மேல் வழக்கு இருந்தால் நீதிமன்றம் இருக்கிறது. அடித்து வாங்கிய வாக்குமூலம் சாட்சியச் சட்டத்தில் நிற்காது. அதனால் உண்மையான குற்றவாளியும் தப்புவான். அதோடு, அந்த அடி ரவுடியோடு நிற்பதே இல்லை. ஜெயராஜ் ரவுடியா? அஜித்குமார் ரவுடியா?

சங்கம் வந்தால் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது?

நான் கோடு போடும் இடம் இது. சம்பளம், வேலை நேரம், வார விடுப்பு, குவார்ட்டர்ஸ், பெண் காவலருக்குக் கழிப்பறை, இடமாற்றம், பதவி உயர்வு, அதிகாரி கொடுக்கும் அநியாய மெமோ, மனநல உதவி: எல்லாம் பேசட்டும். உண்மை சொன்ன காவலரைப் பழிவாங்கினால் அவருக்காக வழக்காடட்டும்.

பொதுமக்கள் கொடுத்த புகார், அதன் விசாரணை, சாட்சியம், சி.சி.டி.வி. பதிவு, தண்டனைப் பதிவேடு, நீக்கம்: இவை மேசைக்கே வரக் கூடாது. அவை சட்டத்தில் இருக்க வேண்டும், வெளியாள் கையில் இருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட காவலருக்கு வக்கீல் வைக்கும் உரிமை உண்டு; அது எந்த மனிதருக்கும் உண்டு. அதற்கு மேல் ஒரு இஞ்ச் கூடாது. அமெரிக்கர்கள் இந்தக் கோட்டைப் போடாமல் மேசையில் உட்கார்ந்தார்கள். நாம் கோட்டைப் போட்டுவிட்டு உட்காரலாம். நமக்கு இன்னும் மேசையே போடவில்லை என்பது ஒரு வகையில் நல்லது.

வரிசையும் முக்கியம். முதலில் 2013 சட்டத்தைத் திருத்தி, நீதிபதி தலைமையில் புகார் ஆணையம். அதற்குப் பிறகு சங்கம். ஓய்வுபெற்ற நீதிபதி சி.டி. செல்வம் தலைமையில் அரசு அமைத்த ஐந்தாவது காவல் ஆணையம் போன்றவை வரும்போது, காவலர் நலனும் மக்கள் புகாரும் ஒரே கட்டில் பேசப்பட வேண்டும் என்று மனு போடுங்கள். காவலர் நேரடியாகப் பேச முடியாத இடத்தில் வீட்டு ஆட்கள் மனு கொடுக்கலாம்.

சரி, இன்றைக்குச் சென்னையில் ஒரு காவலர் என்னை அடித்துவிட்டார். என்ன செய்ய?

முதலில் அரசு மருத்துவமனை. ராஜீவ் காந்தி, கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி, ராயப்பேட்டை, எது பக்கமோ அது. "போலீஸ் அடித்தார்கள்" என்று உள்ளபடி சொல்லி, எந்த நிலையம், எத்தனை மணி என்று எழுதச் சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பி (காயத்தைப் பதியும் விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்குங்கள். இந்த ஒரு தாள் இல்லாமல் வந்த எத்தனையோ மனுக்கள் என் கையில் செத்துப்போயின.

கைது செய்து கொண்டுபோனவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். எழும்பூரோ சைதாப்பேட்டையோ ஜார்ஜ் டவுனோ, அங்கே "அடித்தார்களா?" என்ற கேள்வி வந்தால் காவலர் பக்கத்தில் நின்றாலும் சொல்லிவிடுங்கள், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், சட்டையைத் தூக்கிக் காட்டுங்கள். கைதானவரின் மருத்துவப் பரிசோதனை அறிக்கையில் அவருக்கு ஒரு பிரதி உண்டு. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், சட்ட உதவி இலவசம்.

அன்றைக்கே இன்னொரு மனு: சி.சி.டி.வி. பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையத்திலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதி இல்லாவிட்டால் ஒரு வருடமாவது வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. தேதியும் நேரமும் குறிப்பிட்டு, நிலையத்துக்கும் வேப்பேரி கமிஷனர் அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

மாநில மனித உரிமை ஆணையம் கிரீன்வேஸ் சாலையில் இருக்கிறது. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு, ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சொன்னது. இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு அடித்த காவலரின் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி ஆணையம் உத்தரவிடுவது வழக்கம்.

வழக்கே போட வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட்டிடம் நேராகப் போகலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், அரசு ஊழியர் மீதான புகாரில் விசாரணைக்கு உத்தரவிடும் முன் அவருடைய மேலதிகாரியிடம் அறிக்கை கேட்கும் ஒரு படி சேர்ந்திருக்கிறது. அதற்குக் கொஞ்சம் நாள் பிடிக்கும், மனம் தளர வேண்டாம். அரசின் முன் அனுமதி தேவைப்படும் வழக்கென்றால், 120 நாளில் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கருதப்படும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தேதியைக் குறித்து வையுங்கள்.

எல்லா மனுவிலும் நான் சேர்க்கச் சொல்லும் ஒரு வரி உண்டு: அன்றிரவு நிலையத்தில் பணியில் இருந்த மற்றவர்களின் பெயர்ப் பட்டியலை வரவழைக்க வேண்டும் என்று. நிலையத்தில் அன்றாடம் நடப்பதை எழுதி வைக்கும் பொதுப் பதிவேட்டில் அது இருக்கும். அடித்தவர் இருவர் என்றால், பார்த்துக்கொண்டிருந்தவர் நாலைந்து பேராவது இருந்திருப்பார்கள். அவர்களில் யாரோ ஒருவர் வாய் திறக்கத் தயாராக இருக்கலாம். யாராவது வந்து கேட்டால்தான் அவரால் சொல்ல முடியும்.